பத்து நிமிட ராக்கெட்டும் கோள்களிடைத் தூசியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குலசேகரன்பட்டினம் ஏவுதளம் குறித்துத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையையும், அதற்கு மறுமொழியாகக் கடந்த வாரம் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தையும் படித்தேன். கோள்களுக்கு இடையே பரவியிருக்கும் தூசியை அகச்சிவப்புக் கருவிகளைக் கொண்டு ஆராய்வதற்கும் சிறிய ராக்கெட்டுகள் பயன்படும் என்று கட்டுரையில் ஒரே ஒரு வரி வந்திருந்தது. வாசகர் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு, தூசியை அளக்க ராக்கெட்டா, பத்து நிமிடம் மேலே போய்விட்டுக் கீழே விழுகிற ஒன்றுக்காகக் காசைக் கரியாக்குவானேன், செயற்கைக்கோள்கள் என்றோ செய்து முடித்த வேலைதானே என்று கேட்டிருந்தார். மக்கள் பணத்தைப் பற்றிய கேள்வியை யாரும் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால், அந்தத் தூசி விஷயத்தில் பத்து நிமிட ராக்கெட் என்பது செயற்கைக்கோள் அனுப்ப வசதியில்லாதவர்கள் செய்யும் அரைகுறை வேலை அன்று. சில அளவீடுகளுக்கு அதுவே தக்க கருவி. கொடைக்கானல் மேல்மலையில் குடியிருப்பவன், பல ஆண்டுகள் அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் இதைச் சற்று விளக்கமாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

கட்டுரையோடு வெளியான மன்னவனூர்ப் படத்தில் மேற்கு வானில் தெரிந்த வெளிச்சத்தை, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கேரள ஊர்களின் மின்விளக்கு வெளிச்சம் என்றும் அந்த வாசகர் ஒதுக்கியிருந்தார். எங்கள் ஊரிலேயே பலர் அப்படித்தான் சொல்வார்கள். மாசி, பங்குனி மாதங்களில், நிலவில்லாத மாலையில், சூரியன் மறைந்து ஒன்றேகால் அல்லது ஒன்றரை மணி நேரம் கழிந்தபின், கவுஞ்சிக்கும் மன்னவனூருக்கும் இடையில் தெருவிளக்கு எட்டாத ஏதாவது ஒரு மேட்டில் நின்று மேற்கே பார்த்தால், அடியில் அகன்றும் மேலே போகப்போகக் குறுகியும் ஒரு வெளிறிய கூம்பு கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை நோக்கி ஏறக்குறைய நிமிர்ந்து நிற்பதைக் காணலாம். அதன் அடிப்பகுதி பால்வீதி அளவுக்கு ஒளிரும்; ஆனால் பால்வீதியில் இருக்கும் திட்டும் திரளும் இதில் இருக்காது. விரலால் இழுத்துவிட்ட திருநீற்றுத் தடம்போல ஒரே சீராக மங்கிக்கொண்டே போகும். ஊர் வெளிச்சம் அடிவானத்தை ஒட்டிப் படுத்துக் கிடக்கும், இரவு முழுக்க இடம் மாறாது. இந்தக் கூம்போ விண்மீன்களோடு சேர்ந்து இறங்கி, ஒன்பது மணி வாக்கில் கண்ணுக்குப் புலப்படாமல் போய்விடும். புரட்டாசி, ஐப்பசி விடியற்காலையில் கிழக்கிலும் இது தோன்றும். அப்போது எங்கள் மலையில் மழையும் மூடுபனியும் இருப்பதால் பார்க்கக் கிடைப்பது அரிது.

வானியலார் இதை இராசிமண்டல ஒளி என்கிறார்கள். சூரியனும் சந்திரனும் கோள்களும் செல்லும் பாதையை ஒட்டியே இது எழுகிறது. அந்தப் பாதை எந்த ஊரில் அடிவானத்தோடு செங்குத்தாக நிற்கிறதோ அந்த ஊரில் கூம்பும் நிமிர்ந்து நிற்கும். ஐரோப்பாவில் அது சாய்ந்து அடிவான மூட்டத்திலேயே பாதி கரைந்துபோகும், பத்து பாகை வட அட்சத்தில் இருக்கும் நமக்கு அந்தத் தொல்லை குறைவு. 1683-இல் பாரிசிலிருந்து இதைத் தொடர்ந்து கவனித்த வானியலாளர் கசினி, சூரியனைச் சுற்றிப் பரவியிருக்கும் நுண்துகள்களில் பட்டுச் சிதறும் சூரிய ஒளியே இது என்ற விளக்கத்துக்கு அடித்தளமிட்டார். ஆகவே, வாசகர் கேலியாகக் குறிப்பிட்ட தூசியை அவர் எந்தக் கருவியும் இல்லாமல், பேருந்துக் கட்டணச் செலவில், நேரில் பார்க்கலாம். எங்கள் மேல்மலையிலும் புதிது புதிதாக முளைக்கும் விடுதிகள் வானத்தை நோக்கிக் குவிவிளக்கு வைக்கத் தொடங்கிவிட்டன என்பதால், பார்க்க விரும்புவோர் தள்ளிப் போடாமல் பார்ப்பது நல்லது.

இந்தத் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரையிலான அளவுடையவை. சூரிய ஒளி இவற்றின் மேல் படும்போது, ஓடும் துகளுக்கு எதிர்விசையாக ஒரு சிறு தடையும் உண்டாகிறது. பாய்ண்டிங், ராபர்ட்சன் ஆகிய இருவர் பெயரால் அழைக்கப்படும் அந்தத் தடையால் துகள்கள் வேகமிழந்து, சுருள் பாதையில் மெல்ல மெல்லச் சூரியனை நெருங்கி அழிந்துபோகின்றன. பூமியின் பாதையிலிருந்து புறப்படும் நுண்துகள் ஒன்றுக்கு இதற்கு, அதன் அளவைப் பொறுத்து, ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகள் முதல் ஓரிரு லட்சம் ஆண்டுகள் வரை போதும். சூரியக் குடும்பத்தின் வயதோ ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள். அப்படியானால், இன்று நம் தலைக்கு மேல் இருக்கும் தூசி அன்றைக்கு மிஞ்சிய பழைய தூசியாக இருக்க வழியில்லை; யாரோ இடைவிடாமல் புதிதாகக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வால்மீன்கள் கரைந்து கொட்டுகின்றனவா, சிறுகோள்கள் ஒன்றோடொன்று மோதி உடைந்து கொட்டுகின்றனவா, இரண்டும் என்றால் யார் பங்கு எவ்வளவு என்பதுதான் இத்துறையில் இன்றும் முடிவாகாத கேள்வி. பூமியின் மேல் ஆண்டுதோறும் வந்து சேரும் விண்தூசிக்கே, சில ஆயிரம் டன்னிலிருந்து சில பத்தாயிரம் டன் வரை, ஒன்றுக்கொன்று ஒத்துவராத மதிப்பீடுகள் இருக்கின்றன. நம் வீட்டுக் கூரைமேல் விழுவது எவ்வளவு என்பதே தீராத கணக்காக இருக்கும்போது, இதைச் செய்து முடித்த வேலை என்று சொல்வது பொருந்தாது.

இனி, ஏன் அகச்சிவப்பு என்ற கேள்விக்கு வருகிறேன். இந்தத் துகள்கள் கருமையானவை. தம் மேல் படும் சூரிய ஒளியில் சிறு பகுதியை மட்டுமே சிதறவிட்டு, மிச்சத்தை உள்வாங்கிச் சூடேறி, அந்தச் சூட்டை அகச்சிவப்புக் கதிராகத் திருப்பி உமிழ்கின்றன. கண்ணுக்குத் தெரியும் கூம்பு அவற்றின் சில்லறைக் கணக்கு. பெருங்கணக்கு அகச்சிவப்பில்தான் இருக்கிறது. பூமியின் பாதையை ஒட்டிய தூசியின் வெப்பநிலை சுமார் 286 கெல்வின், அதாவது 13 டிகிரி செல்சியஸ். கொடைக்கானலில் சாதாரண நாளில் பொழுது சாய்ந்தபின் இருக்கும் குளிர்தான் அது. அந்த வெப்பநிலையில் உள்ள எந்தப் பொருளும் பத்து மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தை ஒட்டியே மிகுதியாகக் கதிர்வீசும். சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். கொடைக்கானலில் நிற்கும் தொலைநோக்கியும் அதே 13 டிகிரியில் இருக்கிறது. அதன் குவிமாடமும், அதற்கு மேலே உள்ள காற்றும், அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆராய்ச்சியாளரும் ஏறக்குறைய அதே அலைநீளத்தில்தான் ஒளிர்கிறார்கள். தூசியின் மங்கலான ஒளி அத்தனைக்கும் அடியில் புதைந்துபோகிறது.

அலைநீளம் குறைந்த அண்மை அகச்சிவப்புக்குப் போனால் இந்த வெப்ப ஒளி ஓரளவு விலகும். ஆனால் வேறொன்று வந்து வழிமறிக்கும். தரையிலிருந்து ஏறத்தாழ 87 கிலோமீட்டர் உயரத்தில், ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்ஸில் மூலக்கூறுகள் இரவெல்லாம் தாமே ஒளிர்ந்துகொண்டிருக்கின்றன. வெறுங்கண்ணுக்கு இருட்டாகத் தெரியும் வானம், அண்மை அகச்சிவப்புக் கருவிக்கு எப்போதும் வெளிச்சமாகவே இருப்பது இதனால்தான். அந்த வெளிச்சம் தூசி ஒளியைவிடப் பல மடங்கு அதிகம். நிமிடத்துக்கு நிமிடம் அலைபோல ஏறி இறங்கும் குணமும் அதற்கு உண்டு என்பதால், ஒருமுறை அளந்து கழித்துவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது. 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் வானாய்வகமும், அதைவிட உயரமான இமயமலை ஆய்வகங்களும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். ஹைதராபாத்திலிருந்து டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் பலூனில் ஒரு மீட்டர் விட்டமுள்ள அகச்சிவப்புத் தொலைநோக்கியை அனுப்பித் தொலை அகச்சிவப்பில் அருமையான பணி செய்திருக்கிறார்கள். ஆனால் பலூன் எட்டுவது சுமார் 30 கிலோமீட்டர், ஹைட்ராக்ஸில் அடுக்கு அதற்கும் மேலேதான் இருக்கிறது. நூறு கிலோமீட்டரைத் தாண்டிப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

அப்படித் தாண்டிப் போனவற்றில் முன்னோடி ராக்கெட்தான். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாய்ஃபர், ஹூக், ஹார்விட் ஆகிய மூவரும் திரவ ஹீலியத்தால் குளிரூட்டிய ஒரு தொலைநோக்கியை ராக்கெட்டில் ஏற்றிப் பறக்கவிட்டு, தூசியின் சொந்த வெப்ப ஒளியை அளந்து 1971-இல் வெளியிட்டார்கள். தொலைநோக்கியையே கடுங்குளிருக்குக் கொண்டுபோய்விட்டால் அது ஒளிராது, தூசி மட்டும் ஒளிரும் என்பதே அவர்கள் கையாண்ட உத்தி. பிறகு 1980, 1981 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்க விமானப்படை ஆய்வகம் 2 மைக்ரான் முதல் 30 மைக்ரான் வரை அளக்கும் ராக்கெட்டுகளை இதற்கென்றே அனுப்பியது. இராசிமண்டலத் தூசியின் வெப்ப நிறமாலை, அதாவது எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி என்பது, எப்படி இருக்கும் என்ற தெளிவு, 1983-இல் ஐராஸ் என்ற அகச்சிவப்பு வானாய்வுச் செயற்கைக்கோள் பறப்பதற்கு முன்பே, இந்த ராக்கெட்டுகளால் கிடைத்துவிட்டது. ராக்கெட் செய்து காட்டியதைத்தான் செயற்கைக்கோள் விரித்துச் செய்தது. வாசகர் நினைப்பதற்கு வரிசை தலைகீழ்.

விரித்துச் செய்ததன் பயனை நான் குறைத்துச் சொல்லவில்லை. தூசி சீராகப் பரவியிருக்கவில்லை, அதில் பட்டைகள் இருக்கின்றன என்பதையும், வால்மீன்களின் பாதையில் தூசித் தடங்கள் நீண்டு கிடக்கின்றன என்பதையும் ஐராஸ்தான் காட்டியது. வானத்தின் பின்னணி ஒளியை அளக்க 1989 நவம்பரில் ஏவப்பட்ட கோபே செயற்கைக்கோளின் அளவீடுகளிலிருந்து கெல்சாலும் அவர் குழுவினரும் 1998-இல் உருவாக்கிய தூசிமண்டல மாதிரியைத்தான் இன்றும் உலகெங்கும் எடுத்துக் கையாள்கிறார்கள். ஆனால் ஐராஸின் ஹீலியம் பத்து மாதத்தில் தீர்ந்தது, கோபேயின் ஹீலியமும் ஏறக்குறைய அதே காலத்தில் தீர்ந்தது. மேலே போன கருவியில் ஒரு குறை தெரிந்தால் போய்ச் சரிசெய்ய முடியாது. கருவி காட்டும் எண்ணில் எவ்வளவு தூசி, எவ்வளவு கருவியின் சொந்தப் பிசகு என்று தரையில் வைத்துத் திரும்பவும் சோதிக்க முடியாது. பின்னணி ஒளியை அளப்பவர்களுக்கு இந்தச் சோதனைதான் உயிர்நாடி.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு, சைபர் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்க, ஜப்பானிய, தென்கொரிய ஆராய்ச்சியாளர்களின் ராக்கெட் சோதனை. தொலைதூர விண்மீன் மண்டலங்களிலிருந்து காலங்காலமாக வந்து சேர்ந்து நிற்கும் மங்கலான அகச்சிவப்புப் பின்னணியை அளப்பதே அதன் முதன்மை நோக்கம். அந்தப் பின்னணிக்கு முன்னால், அதைவிடப் பல மடங்கு பிரகாசமாக, நம் தூசியின் ஒளி திரை போட்டுக்கொண்டு நிற்கிறது. திரையின் கனத்தைச் சரியாக அளக்காமல் பின்னால் இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால், தூசியை அளக்கவே தனிக் கருவிகளை அதில் வைத்தார்கள். திரவ நைட்ரஜனால் 77 கெல்வினுக்கு (சுமார் மைனஸ் 196 டிகிரி செல்சியஸ்) குளிரூட்டப்பட்ட அந்தத் தொகுதி, 2009 பிப்ரவரியில் நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் தளத்திலிருந்து முதல்முறை பறந்தது. ஏறத்தாழ 325 கிலோமீட்டர் எட்டிவிட்டுத் திரும்பும் ராக்கெட் நூறு கிலோமீட்டருக்கு மேலே இருப்பது சுமார் ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடத்தில் மோட்டார் பிரிய வேண்டும், கதவு திறக்க வேண்டும், கருவி வானில் குறித்த இடங்களை ஒவ்வொன்றாக நோக்கி நின்று அளந்து, கதவை மூடிக்கொண்டு இறங்க வேண்டும்.

முதல் பறத்தலில் ஒரு சங்கடம் நேர்ந்தது. காற்றைக் கிழித்துக்கொண்டு மேலேறும்போது ராக்கெட்டின் வெளித்தகடு உராய்வால் சூடேறிவிடுகிறது. காற்றில்லாத உயரத்துக்குப் போனபின் அந்தச் சூடு சட்டென்று தணிய வழியில்லை. சூடான தகட்டின் வெப்ப ஒளி பக்கவாட்டில் சிதறிக் கருவிக்குள் நுழைந்து, நீண்ட அலைநீள அளவீடுகளைக் கெடுத்துவிட்டது. செயற்கைக்கோளாக இருந்தால் கதை அத்துடன் முடிந்திருக்கும். இங்கே கருவி பாராசூட்டில் பாலைவனத்தில் இறங்கியது. எடுத்துவந்து, பிரித்துப் பார்த்து, ஒளி எந்த இடுக்கு வழியாக வந்தது என்று கண்டுபிடித்து, மேலே போனதும் நீண்டு விரியும் மறைப்புக் குழல்களைப் பொருத்தி, 2010 ஜூலையில் மறுபடியும் பறக்கவிட்டார்கள். அளவீடு சுத்தமாக வந்தது. 2012-இல் அதே தளத்திலிருந்து மூன்றாம் முறையும், 2013-இல் கிழக்குக் கடற்கரையில் உள்ள வாலப்ஸ் தளத்திலிருந்து இன்னும் பெரிய ராக்கெட்டில் நான்காம் முறையும் பறந்தது. கடைசிப் பறத்தலில் உயரமும் நேரமும் கூடுதலாகக் கிடைத்தன, பதிலுக்குக் கருவி அட்லாண்டிக் கடலுக்குப் போயிற்று. அதன் வாரிசான சைபர்-2 என்ற புதிய கருவி 2021 ஜூனில் ஒயிட் சாண்ட்ஸிலிருந்து புறப்பட்டது. கருவியைத் திருத்தித் திருத்தி அனுப்பும் இந்த வாய்ப்பைத்தான் வாசகர் பத்து நிமிடத்தில் கீழே விழுவது என்கிறார். கீழே விழுவதுதான் இதில் நன்மையே.

சைபர் தொகுதியில் இருந்த, ஒளியை அலைநீள வாரியாகப் பிரித்து அளக்கும் நிறமாலைமானி ஒன்று, தூசி ஒளி சூரிய ஒளியைவிடச் சற்றுச் செந்நிறம் கூடியது என்றும், சிலிக்கேட் கனிமங்களுக்குரிய சாயல் அதில் தென்படுகிறது என்றும், அது எஸ் வகை எனப்படும் கல்தன்மையுள்ள சிறுகோள்களின் ஒளியை ஒத்திருக்கிறது என்றும் காட்டியது. 2010-இல் வெளியான நெஸ்வோர்னி என்ற ஆராய்ச்சியாளர் குழுவினரின் கணிப்போ, தூசியின் அகச்சிவப்பு ஒளியில் 85 விழுக்காட்டுக்கும் மேல் வியாழன் குடும்ப வால்மீன்களிலிருந்து (வியாழனின் ஈர்ப்புக்கு ஆட்பட்டுச் சுற்றும் வால்மீன்கள்) வந்த துகள்களால் உண்டாவது என்றது. ஒன்று கனிமத்தைப் பார்த்துச் சொல்கிறது, மற்றொன்று தூசி வானில் பரவியிருக்கும் வடிவத்தைப் பார்த்துச் சொல்கிறது. இரண்டையும் இணக்குவதற்கு இன்னும் அளவீடுகள் வேண்டும். என்னைக் கேட்டால், வால்மீன் தரப்பின் வாதமே வலுவாக இருப்பதாகத் தோன்றுகிறது. ஆயினும் அண்மை அகச்சிவப்பு நிறமாலையைப் புறந்தள்ளிவிட்டுத் தீர்ப்பு எழுத முடியாது.

சைபரில் இருந்த இன்னொரு கருவியைப் பற்றி, கொடைக்கானல்காரன் என்ற உரிமையோடு கொஞ்சம் கூடுதலாக எழுதுகிறேன். அது 854.2 நானோமீட்டர் (நானோமீட்டர் என்பது மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்ற ஒரே ஒரு அலைநீளத்தைச் சுற்றி மட்டும் பார்க்கும் குறும்பட்டை நிறமாலைமானி. அந்த இடத்தில் சூரியனின் நிறமாலையில் மின்னூட்டம் பெற்ற கால்சியம் அணுக்கள் ஒளியை விழுங்குவதால் ஓர் ஆழமான கருங்கோடு விழுந்திருக்கும். தூசி ஒளி என்பது சிதறிய சூரிய ஒளியே ஆகையால், அந்தக் கருங்கோட்டையும் அது அப்படியே சுமந்து வரும். தொலைதூர மண்டலங்களின் பின்னணி ஒளியிலும், கருவிக்குள் தப்பி நுழையும் வெப்ப ஒளியிலும் அந்த அலைநீளத்தில் அப்படி ஒரு கோடு இருக்காது. எனவே, வானிலிருந்து வரும் மொத்த ஒளியில் கோடு எவ்வளவு ஆழம் என்று அளந்துவிட்டால், விண்மீன்களின் பங்கைக் கழித்தபின், தூசியின் பங்கு எவ்வளவு என்று எந்த மாதிரியையும் நம்பாமல் நேரடியாகச் சொல்லிவிடலாம். இந்தக் கணக்கை 2022-இல் வெளியிட்டபோது, கெல்சால் மாதிரி சொல்வதைவிடச் சற்றுக் கூடுதல் ஒளி, எல்லாத் திசையிலும் ஒரே சீராகப் பரவியது போன்ற ஒரு பகுதி, இருக்கக்கூடும் என்ற குறிப்பு கிடைத்தது. சூரியக் குடும்பத்தைச் சூழ்ந்து நாம் இதுவரை கணக்கில் சேர்க்காத தூசி ஏதும் இருக்கிறதா என்ற கேள்வி அதிலிருந்து எழுகிறது.

கால்சியம் கோடு எங்கள் மலைக்குப் புதிதன்று. 1899-இல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய வானாய்வகம், இதே கால்சியத்தின் மற்றொரு கோட்டில், 393.4 நானோமீட்டர் ஊதா ஒளியில், சென்ற நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலிருந்து சூரியனைப் படமெடுத்து வருகிறது. அங்குள்ள காட்சியகத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போதெல்லாம், சாதாரண ஒளியில் கரும்புள்ளியாகத் தெரியும் இடத்தைச் சுற்றி, கால்சியம் படத்தில் வெண்திட்டுகள் படர்ந்திருப்பதைச் சுட்டிக் காட்டுவேன். ஒரே சூரியன் வேறு கோட்டில் வேறு முகம் காட்டுகிறது என்பதைப் பாடப்புத்தகத்தைவிட அந்தக் கண்ணாடித் தகடுகள் விளங்கவைத்துவிடும். வானியலாளர் எவர்ஷெட் 1909-இல் கரும்புள்ளியில் வாயு ஓடும் விதத்தைக் கண்டறிந்ததும் அதே வளாகத்தில், நிறமாலைக் கோடுகளை நுணுகிப் பார்த்தே. கோட்டின் ஆழத்தையும் அகலத்தையும் நிதானமாக அளக்கும் கலை நூறாண்டுக்கு மேலாக நம் மாவட்டத்தில் இருக்கிறது. ராக்கெட் இதுவரை இல்லை. அது இப்போது குலசேகரன்பட்டினத்துக்கு வருகிறது. இரண்டுக்கும் நேர்க்கோட்டில் இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்.

நம் நாட்டில் ஆய்வு ராக்கெட்டுகள் 1963 நவம்பர் 21-ஆம் நாள் தும்பாவிலிருந்து நைக்-அப்பாச்சி ராக்கெட் புறப்பட்டதிலிருந்து பறக்கின்றன. அன்றைக்கு அது மேலே விட்ட சோடியம் ஆவியைக் கொண்டு மேல்வளிமண்டலக் காற்றை அளந்தார்கள். தும்பா பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டி இருந்ததால் நம் ராக்கெட் ஆய்வுகள் பெரும்பாலும் வளிமண்டலத்தையும் அயனிமண்டலத்தையும் நோக்கியே போயின, அது இயல்பானதுதான். கோள்களிடைத் தூசியைப் பொறுத்தவரை நமக்கு ஒரு நல்ல தொடக்கமும் அண்மையில் கிடைத்திருக்கிறது. அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடம் உருவாக்கிய டெக்ஸ் என்ற கருவி, 2024 சனவரி 1-இல் ஏவப்பட்ட பி.எஸ்.எல்.வி. சி-58 ராக்கெட்டின் இறுதிக் கட்டத்தில் அமர்ந்து, சுமார் 350 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றியபடி, அதிவேகமாக வந்து மோதும் தூசித் துகள்களை நேரடியாகப் பதிவுசெய்தது. அது வந்து மோதும் துகளை எண்ணும் கருவி. தொலைவில் மிதக்கும் தூசிமண்டலம் முழுவதையும் ஒருசேர அளக்க அகச்சிவப்பு ஒளிதான் வழி. இரண்டும் சேர்ந்தால்தான் படம் முழுமையாகும்.

எந்த ராக்கெட்டும் ஆகும் என்று நான் சொல்லவரவில்லை. 2024 பிப்ரவரி 28-இல் குலசேகரன்பட்டினத்தில் அடிக்கல் நாட்டிய அன்று அங்கிருந்து பறந்தது இஸ்ரோவின் ரோகிணி வரிசை ஆய்வு ராக்கெட்டுகளில் ஆர்.எச்-200 ரகம். அது எட்டக்கூடிய உயரம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர், அதாவது ஹைட்ராக்ஸில் வெளிச்சத்துக்குக் கீழேயே நின்றுவிடும். இந்த வேலைக்கு அது ஆகாது. 160 கிலோமீட்டர் போகும் ஆர்.எச்-300 நூறு கிலோமீட்டருக்கு மேலே தருவது நான்கு நிமிடத்துக்கும் குறைவு. நூறு கிலோ எடையைச் சுமந்துகொண்டு 470 கிலோமீட்டர் வரை போகக்கூடிய ஆர்.எச்-560 ஒன்பது நிமிடத்துக்கு மேல் தரும், அமெரிக்கர்களுக்கு ஒயிட் சாண்ட்ஸில் கிடைத்ததைவிட அது கூடுதல். ஆனால் அதிலும் சில வேலைகள் பாக்கி இருக்கின்றன. ராக்கெட் நிலைகுலையாமல் போகச் சுழன்றுகொண்டே ஏறும். தூசியை அளக்கும் கருவிக்கு அந்தச் சுழற்சியை நிறுத்தி, விண்மீன்களைப் பார்த்துத் திசை பிடித்து, குறித்த இடத்தில் அசையாமல் நிற்கும் ஏற்பாடு வேண்டும். கருவியை மீட்பதும் எளிதன்று, ஏனென்றால் நமக்கு முன்னால் இருப்பது பாலைவனமன்று, மன்னார் வளைகுடாவும் இந்தியப் பெருங்கடலும். உப்புநீர் புகாமல் கருவியைக் காப்பாற்றிக் கரைசேர்க்க வேண்டும். எனினும் 2007 சனவரியில் விண்கலம் ஒன்றை வங்கக் கடலில் இறக்கி எடுத்துவந்த அனுபவம் இஸ்ரோவுக்கு உண்டு என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

இடத்தாலும் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. குலசேகரன்பட்டினம் எட்டரைப் பாகைக்கும் சற்றுக் குறைவான வட அட்சத்தில் இருப்பதால், கோள்களின் பாதை அங்கே தலைக்கு மேலாக ஓடும் நேரத்தைத் தேர்ந்து ராக்கெட்டை அனுப்பினால், ஒரே பறத்தலில் அந்தப் பாதைக்கு வடக்கேயும் தெற்கேயும் வெகுதூரம் வரை அளந்துவிடலாம். 32 பாகை வடக்கே இருக்கும் ஒயிட் சாண்ட்ஸிலிருந்து தெற்குப் பக்கம் தாழ்ந்துபோவதால் அது அவ்வளவு இலகுவன்று. தூசிமண்டலத்தின் நடுத்தளம் பூமியின் பாதைத் தளத்தோடு சரியாகப் பொருந்தாமல் சில பாகை சாய்ந்திருக்கிறது; அந்தச் சாய்வை அளக்கவும், எல்லாத் திசையிலும் சீராகப் பரவிய அந்தக் கூடுதல் ஒளி உண்மையா என்று தீர்க்கவும் இருபக்க அளவீடு மிக அவசியம்.

ஆகவே, தங்கள் நாளிதழ் வழியாக என் வேண்டுகோள் இதுதான். குலசேகரன்பட்டினம் தளம் செயல்படத் தொடங்கும்போது வணிகச் செயற்கைக்கோள்களுக்கே முதலிடம் என்பது புரிகிறது, ஆயினும் ஆர்.எச்-560 ரகப் பறத்தல்களில் ஒன்றையாவது கோள்களிடைத் தூசி ஆய்வுக்கு ஒதுக்குவதாக இஸ்ரோ அறிவித்து, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்தும் பொறியியல் கல்லூரிகளிலிருந்தும் கருவித் திட்டங்களைக் கோர வேண்டும். பத்து மைக்ரான் வெப்ப ஒளியை அளக்கும் ஹீலியக் கருவியில் தொடங்கச் சொன்னால் மாணவர்கள் மலைத்துவிடுவார்கள். 854.2 நானோமீட்டர் கால்சியம் கோட்டைப் பார்க்கும் சிறிய நிறமாலைமானிக்குத் திரவ நைட்ரஜன் போதும், அதை நம் ஊர்களில் தருவிப்பதில் கஷ்டமில்லை. கோட்டின் ஆழத்தை அளந்து சரிபார்க்க, தரையிலிருக்கும்போதே சூரிய ஒளியைக் கருவிக்குள் மங்கலாக விட்டுச் சோதிக்கலாம். அதற்குக் கொடைக்கானல் வானாய்வகத்தைவிடப் பொருத்தமான இடம் இந்தப் பக்கத்தில் இல்லை. தங்கள் ஞாயிறு இணைப்பில் இத்தகைய கருவி எப்படிக் கட்டப்படுகிறது என்பதை, அந்தத் துறையில் பணியாற்றுவோரைக் கொண்டு படங்களோடு விளக்கும் கட்டுரை ஒன்றையும் வெளியிட்டால் கல்லூரி மாணவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
பூம்பாறை, கொடைக்கானல் வட்டம்,
திண்டுக்கல் மாவட்டம்.